பிறிமாகுயின்: மலேரியா மீண்டும் முளையாமற் காக்கும் மருந்து

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரி மழை பெய்யுங் காலத்தில் மட்டுமே ஓடுவது. ஆகவே இங்குள்ள கமக்காரர் சுண்ணாம்புக் கற்படையிலே தங்கும் மழைநீரைக் கிணற்றின் வழியாகப் பெற்று, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் பயிரிட்டு வருகின்றனர். கிணறே தோட்டத்தின் உயிர். அந்தக் கிணறும் அதன் அருகிலுள்ள சீமெந்துத் தொட்டியும் இன்று மலேரியாவைப் பரப்பவல்ல ஒரு புதிய நுளம்புக்கும் இருப்பிடமாகியுள்ளன.

இலங்கையில் மலேரியா ஒழிக்கப்பட்டுவிட்டது. 2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பின்னர் நெடுங்காலம் இந்நாட்டிலே தொற்றிய நோயாளர் எவரும் காணப்படவில்லை. 2016 ஆம் ஆண்டு செப்தெம்பர் 5 ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. எனினும் நோய் ஒழிந்த நாட்டிலும் அந்நோய்க்குரிய மருந்தைப் பற்றிய அறிவு ஒழிந்துவிடலாகாது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வரும் ஒருவர், நோயைப் பரப்பும் நுளம்பு, மருந்தை இடையிலே நிறுத்தும் வழக்கம் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடுமாயின் பழைய துன்பம் திரும்பி வருவதற்குத் தடையில்லை. இம்மூன்றனுள் மூன்றாவதை நீக்குவதற்குப் பிறிமாகுயின் என்னும் மருந்தின் இயல்பை ஒவ்வொரு குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நன்று.

நோயின் இயல்பு

மலேரியாவை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத ஒருகல உயிராகும். கமக்காரருக்கு இத்தகைய உயிர்கள் புதியனவல்ல. கோழிக்குஞ்சுகளை இரத்தக் கழிச்சலால் மடிவிக்கும் கொக்சிடியா என்பதும், உண்ணி கடிப்பதனால் மாடுகளுக்குக் காய்ச்சலையும் சிவந்த சிறுநீரையும் உண்டாக்கும் பபேசியா என்பதும் ஒருகல உயிர்களே. ஆயினும் ஒன்றற்குரிய மருந்து மற்றொன்றற்கு ஆகாது. விலங்குகளுக்கென வழங்கப்படும் மருந்தை மனிதரோ, மனிதருக்குரியதை விலங்குகளோ உட்கொள்ளுதல் பெருந்தீங்கு விளைக்கும்.

இலங்கையில் வழங்கிய மலேரியா பெரும்பாலும் இருவகைப்பட்டது. ஒன்று பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்னும் ஒட்டுண்ணியால் வருவது. மற்றது பிளாஸ்மோடியம் பல்சிபாரம் என்பதனால் வருவது. பின்னது உயிரைக் கவரும் வேகமுடையது. முன்னது அத்துணைக் கொடியதன்று எனினும், ஒருமுறை தீர்ந்ததுபோற் காட்டி மீண்டும் மீண்டும் வரும் இயல்புடையது.

நோயுற்றவரின் குருதியை உண்ட அனோபிலிஸ் இனத்துப் பெண் நுளம்பு மற்றொருவரைக் கடிக்கும்போது ஒட்டுண்ணிகள் அவர் உடலினுட் செல்கின்றன. அவை சிறிது நேரத்துள் ஈரலை அடைந்து, அங்கே பெருகிப் பின்னர் குருதியிற் கலந்து செங்குழியங்களைத் தாக்குகின்றன. செங்குழியங்கள் ஒருமித்து உடையும் வேளையிலேதான் குளிரும் நடுக்கமும் கடுங்காய்ச்சலும் வியர்வையும் உண்டாகின்றன. வைவாக்ஸ் நோயில் இக்காய்ச்சல் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்.

ஈரலை அடைந்த வைவாக்ஸ் ஒட்டுண்ணிகள் யாவும் உடனே பெருகுவதில்லை. அவற்றுட் சில உறங்குநிலையில் அங்கேயே தங்கிவிடுகின்றன. வாரங்களோ மாதங்களோ சென்றபின், சில வேளைகளில் ஓராண்டும் கடந்தபின், அவை விழித்துக் குருதியிற் புகுந்து மறுபடியும் காய்ச்சலை உண்டாக்கும். இதற்குப் புதிதாக நுளம்பு கடிக்க வேண்டுவதில்லை.

தோட்டத்திற் கோரைப்புல்லோடு போராடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே தெரியும் புல்லை வெட்டினால் நிலம் துப்புரவானது போலத் தோன்றும். கிழங்கு மண்ணுள் இருக்கும்வரை அடுத்த மழைக்குக் கோரை முளைத்தே தீரும். குருதியிலுள்ள ஒட்டுண்ணி மேலே தெரியும் புல். ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணி கிழங்கு.

கொயினாவும் குளோரோகுயினும்

மலேரியாவுக்கு முதன்முதற் கிடைத்த நல்ல மருந்து தென்னமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையாகும். அதனுள் இருக்கும் கொயினா என்னும் சத்தை 1820 ஆம் ஆண்டு பெல்த்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்தனர். இம்மரத்தை இலங்கையிற் பயிரிட்டுப் பார்ப்பதற்காகவே 1861 ஆம் ஆண்டு நுவரெலியாவுக்கு அண்மையில் ஹக்கல தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. கோப்பிப் பயிரை இலைத்துரு நோய் அழித்தபின் மலைநாட்டுத் தோட்டக்காரர் பலர் சின்கோனாவை நட்டனர். 1880 களிலே இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் மலிந்தது. விலை வீழ்ந்ததும், யாவாத்தீவிற் கொயினாச் சத்து மிகுந்த மரவகை வளர்க்கப்பட்டதும் சேர்ந்து இத்தொழிலை முடிவுறச் செய்தன. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஆம் ஆண்டு யாவா யப்பானியர் வசமாகவே, உலகின் பெரும்பகுதிக்குக் கொயினா கிடைக்காது போயிற்று. செயற்கை மருந்துகளைத் தேடும் முயற்சி அதனால் விரைவுற்றது. 1934 ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் ஹான்ஸ் அண்டர்சாக் என்பவர் ஆக்கியிருந்த குளோரோகுயின், போரின் பின்னர் உலகெங்கும் வழக்குக்கு வந்தது.

குளோரோகுயின் தொழிற்படும் இடம் குருதியே. செங்குழியத்தினுள்ளே இருக்கும் ஒட்டுண்ணி அங்குள்ள ஈமோகுளோபினை உணவாகக் கொள்கிறது. அப்போது மிஞ்சும் ஈம் என்னும் பொருள் ஒட்டுண்ணிக்கே நஞ்சு. ஆகவே அதனைத் தீங்கற்ற பளிங்காக மாற்றி ஒதுக்கிவிடுவது ஒட்டுண்ணியின் வழக்கம். குளோரோகுயின் அம்மாற்றத்தைத் தடுக்கிறது. ஒட்டுண்ணி தன் கழிவினாலேயே மடிகிறது. இரண்டு மூன்று நாட்களுட் காய்ச்சல் தணிந்து நோயாளி எழுந்து நடமாடுவார். ஆனால் ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணியைக் குளோரோகுயின் தீண்டுவதில்லை. அது புல்லை வெட்டும் கத்தி. கிழங்கை அகழும் மண்வெட்டியன்று.

பிறிமாகுயின் தோன்றிய வரலாறு

ஈரலிலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லவல்ல முதல் மருந்தாகிய பாமாகுயின் 1920 களில் ஜேர்மனியில் ஆக்கப்பட்டது. அதன் நஞ்சுத்தன்மை மிகுதியாயிருந்தமையால் அதனிலும் பாதுகாப்பான ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் தேடினர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ரொபேட் எல்டர்பீல்ட் குழுவினர் ஆக்கிய பல சேர்வைகளுள் ஒன்றே பிறிமாகுயின். சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்விங் என்னும் மருத்துவரின் குழுவினர் அதனைச் சோதித்தனர். இச்சோதனைகள் சிறைக் கைதிகளிடம் நடத்தப்பட்டமை பிற்காலத்தில் அறமுறை பற்றிய பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று.

கொரியாப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர் பலர் தாய்நாடு சேர்ந்தபின் வைவாக்ஸ் காய்ச்சலால் வருந்தினர். ஆகவே திரும்பும் வீரருக்குக் கப்பலிலேயே நாள்தோறும் 15 மில்லிகிராம் வீதம் 14 நாட்களுக்குப் பிறிமாகுயின் கொடுக்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டு அந்நாட்டில் இது மருந்தாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அன்று வகுக்கப்பட்ட அளவே இன்றும் அடிப்படையாக உள்ளது.

மருந்து உடலில் தொழிற்படும் விதம்

பிறிமாகுயின் குளிசை வாயால் உட்கொள்ளப்படுவது. குடலினூடாக விரைவிற் குருதியிற் சேர்ந்து, சில மணிநேரத்துள் உச்ச அளவை அடையும். பின்னர் அதே வேகத்திற் குறைந்துவிடும். ஒருநாட் சென்றபின் உடலில் அதன் எச்சம் மிகச் சிறிது. குளோரோகுயினோ வாரக்கணக்கில் உடலிலே தங்குவது. இவ்வேறுபாட்டினாலேயே குளோரோகுயினை மூன்று நாட்களில் முடிக்கலாம். பிறிமாகுயினை நாள் தவறாது பல நாட்கள் உட்கொள்ள வேண்டும்.

உட்கொண்ட மருந்து அந்நிலையிலேயே ஒட்டுண்ணியைக் கொல்வதில்லை. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதனை வேறு பொருள்களாக மாற்றுகிறது. அப்பொருள்கள் ஐதரசன் பேரொட்சைட்டைத் தோற்றுவித்து ஒட்டுண்ணியைச் சிதைக்கின்றன. சிலரிடத்தில் இந்நொதியம் பிறப்பிலேயே வலிமை குன்றியிருக்கும். அவர்களுக்கு மருந்தை ஒழுங்காக உட்கொண்டபோதும் நோய் மீளக்கூடும். இதனை மருத்துவரே ஆராய்ந்து அறிவர்.

பிறிமாகுயினுக்கு இன்னொரு பயனும் உண்டு. நோயாளியின் குருதியிலிருந்து நுளம்புக்குச் செல்லும் பால்வடிவ ஒட்டுண்ணிகளையும் அது கொல்லும். ஆகையால் பல்சிபாரம் நோய்க்கு ஆட்டெமிசினின் சேர்ந்த கூட்டு மருந்தோடு பிறிமாகுயின் ஒரேயொரு வேளை கொடுக்கப்படுகிறது. அவ்வொரு வேளை மருந்து நோயாளியைக் குணப்படுத்துவதற்கன்று. அவரிடமிருந்து அயலாருக்கு நோய் செல்லாது தடுப்பதற்காகும்.

அளவும் கால எல்லையும்

வைவாக்ஸ் நோய்க்குரிய சிகிச்சை இரு பகுதிகளையுடையது. முதலாவது, குளோரோகுயின். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் முதல்நாள் 10 மில்லிகிராம், இரண்டாம் நாள் 10 மில்லிகிராம், மூன்றாம் நாள் 5 மில்லிகிராம் என்பது முறை. இரண்டாவது, பிறிமாகுயின். கிலோகிராமுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு ஒருமுறையாக 14 நாட்கள். 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு இது நாள்தோறும் 15 மில்லிகிராம், மொத்தம் 210 மில்லிகிராம் ஆகும். இவ்விரு மருந்துகளும் ஒன்றுசேர்ந்து கொடுக்கப்படும்போது பிறிமாகுயினின் ஆற்றல் மிகும். நோய் மீளாதிருப்பதற்கு உட்கொண்ட மொத்த அளவே முதன்மையானது.

இடர் உண்டாவது இங்கேதான். மூன்றாம் நாளிலே காய்ச்சல் நின்றுவிடுகிறது. வெங்காய நடுகையும் நெல் அறுவடையும் காத்திருக்கின்றன. நோயற்றவர்போல் உணரும் ஒருவர் எஞ்சிய நாட்களுக்குரிய குளிசைகளை வீட்டு இறாக்கையில் வைத்து மறந்துவிடுகிறார். சில வாரங்களின் பின், தோட்டத்திலே கைவேலை மிகுந்திருக்கும் நேரத்தில் மீண்டும் நடுக்கம் வருகிறது. அவர் படும் துன்பம் ஒருபுறமிருக்க, அவர் குருதியை உண்ணும் நுளம்பு அயல் வீட்டுக் குழந்தைக்கும் அந்நோயைக் கொண்டுசெல்கிறது. காய்ச்சல் நின்றது மருந்தை நிறுத்துவதற்குக் காரணமன்று. பதினான்காம் நாட் குளிசை முதல்நாட் குளிசையைப் போன்றே இன்றியமையாதது.

வெறுவயிற்றில் உட்கொண்டால் வயிற்று வலியும் குமட்டலும் உண்டாகலாம். உணவின் பின் உட்கொள்வதனால் இவை பெரிதும் குறையும்.

யாவருக்கு ஆகாது?

பிறிமாகுயினை மருத்துவரின் பரிசோதனையின்றி எவரும் உட்கொள்ளலாகாது. செங்குழியங்களைப் பாதுகாக்கும் ஜி.6.பி.டி. என்னும் நொதியம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாயிருக்கும். இவர்கள் ஏனைய காலங்களில் எக்குறையுமின்றி வாழ்வர். பிறிமாகுயினை உட்கொண்டாலோ அவர்களுடைய செங்குழியங்கள் பெருந்தொகையாக உடைந்துபோகும். சிறுநீர் வெறுந்தேநீர் போலக் கறுத்தல், கண்கள் மஞ்சளாதல், மூச்சுவாங்குதல், தாங்கவியலாத களைப்பு ஆகியன இதன் அறிகுறிகள். இக்குறைபாட்டை 1956 ஆம் ஆண்டு அல்விங் குழுவினரே கண்டறிந்தனர். பிறிமாகுயினால் ஏன் சிலர் மட்டும் வருந்துகின்றனர் என்று ஆராய்ந்தபோதே அது வெளியாயிற்று.

இக்குறைபாடு பரம்பரையாக வருவது. ஆண்களிடத்தே மிகுதியாக வெளிப்படுவது. குருதிப் பரிசோதனையால் இதனை முன்கூட்டியே அறியலாம். குறைபாடு உள்ளவர்க்கு, மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், கிலோகிராமுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரங்கள் கொடுக்கும் முறை உண்டு. எவ்வாறாயினும் மேற்கூறிய அறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மருந்தைக் காலத்துக்கு முன் நிறுத்துவதற்கு ஏற்ற காரணம் இதுவேயன்றிக் காய்ச்சல் தணிந்தமையன்று.

கருவுற்ற பெண்களுக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பிறிமாகுயின் கொடுக்கப்படுவதில்லை. வயிற்றிலுள்ள சிசுவுக்கு அந்நொதியம் உண்டோ இல்லையோ என்பதை அறிய வழியில்லாமையே இதற்குக் காரணம். பாலூட்டும் தாய்மார் மருத்துவரிடம் அதனைச் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த குளிசையை அதே காய்ச்சலென்று கருதி மற்றொருவருக்குக் கொடுத்தல் ஒருபோதும் கூடாது.

இலங்கையின் அனுபவம்

1934 ஆம் ஆண்டு பருவமழை பொய்த்து, நாட்டின் தென்மேற்கிலுள்ள ஆறுகள் குட்டை குட்டையாக வற்றின. அக்குட்டைகளிற் பெருகிய நுளம்புகளால் 1935 வரை நீடித்த கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. 1940 களின் நடுவில் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டபின் நோய் விரைவாகக் குறைந்து, 1963 ஆம் ஆண்டு முழு நாட்டிலும் 17 நோயாளரே காணப்பட்டனர்.

பதினேழு என்னும் எண்ணைக் கண்டதும் நோய் முடிந்ததென்று கருதப்பட்டது. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. மாணிக்கக் குழிகள் நிறைந்த எலகெரப் பகுதியிலும் பிற இடங்களிலும் 1967 அளவில் நோய் தலைதூக்கி, 1969 ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அவர்களுட் பெரும்பாலார்க்கு வந்தது வைவாக்ஸ் வகையே.

பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வட கிழக்கு மாவட்டங்கள் மலேரியாவால் மிக வருந்தின. இடப்பெயர்வும், வைத்தியசாலைகளின் குறைவும், மருந்துத் தட்டுப்பாடும் நோயை வளர்த்தன. 1999 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். எனினும் மலேரியாத் தடை இயக்கத்தின் பணியாளருக்குப் போரிட்ட இருதரப்பினரும் வழிவிட்டனர். நடமாடும் சிகிச்சை நிலையங்களும், மருந்தூட்டிய நுளம்பு வலைகளும், குருதிப் பரிசோதனையும், முழு அளவிலான சிகிச்சையும் கூடி நோயைப் படிப்படியாகக் குறைத்தன. காய்ச்சல் உள்ளவரை மட்டும் தேடாது, நோய் தீர்ந்தவரும் பிறிமாகுயினை முடித்தனரா என்று பார்த்ததும் அவ்வெற்றியின் ஒரு பகுதியாகும்.

குடாநாட்டின் கிணறுகளும் புதிய நுளம்பும்

முன்னாளில் இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் குயூலிசிபேசிஸ். அது ஆற்றோரக் குட்டைகளை நாடுவது. 2016 ஆம் ஆண்டு டிசெம்பரில் மன்னாரிலே அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் வேறோர் இனம் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்நுளம்பே. ஆறு இல்லாத குடாநாடு இதற்குத் தடையன்று. கிணறும் தொட்டியுமே இதற்குப் போதும். குடாநாட்டுக் கிணறுகளில் இதன் குடம்பிகள் இருத்தலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்டுள்ளனர். பல பூச்சிகொல்லிகளுக்கு இது தாக்குப்பிடிக்கும் ஆற்றலும் உடையது.

நுளம்பு இருப்பதனால் மட்டும் நோய் வாராது; ஒட்டுண்ணியும் வேண்டும். அந்த ஒட்டுண்ணியை யாத்திரைக்கும் வாணிகத்துக்கும் தொழிலுக்கும் வெளிநாடு சென்று மீள்பவருள் ஒருவர் கொண்டுவரக்கூடும். நாடு மலேரியா அற்றதான பின்னரும் ஆண்டுதோறும் இவ்வாறான நோயாளர் பலர் கண்டறியப்பட்டு வந்துள்ளனர். 2018 ஆம் ஆண்டின் இறுதியில் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது. விரைந்து கண்டறிந்து முழுச் சிகிச்சை அளித்தமையால் அது பரவாது நின்றது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. மலேரியா உள்ள நாட்டுக்குச் செல்லுமுன் மலேரியாத் தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்தை அணுகித் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிதல்.

2. திரும்பிய பின், ஓராண்டு கழிந்தாலும், காய்ச்சல் கண்டால் எந்நாட்டுக்குச் சென்றதென்பதை மருத்துவரிடம் தாமாகவே கூறி, மலேரியாவுக்கான குருதிப் பரிசோதனையைக் கேட்டல். மலேரியாவை நேரிற் காணாத இளம் மருத்துவருக்கு இத்தகவல் பேருதவியாகும்.

3. பிறிமாகுயின் கொடுக்கப்பட்டால் ஒவ்வொரு நாளும் உணவின் பின், வீட்டிலுள்ள மற்றொருவர் பார்த்திருக்க உட்கொண்டு, நாட்காட்டியிற் குறித்துவருதல்.

4. நீர்த்தொட்டிகளையும் வாளிகளையும் வாரம் ஒருமுறை முற்றாக வெறுமையாக்கி, உட்புறத்தைத் தேய்த்துக் காயவிடுதல். முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் செல்வதனால் இது போதுமானது.

5. பயன்படும் கிணறுகளை நுளம்பு புகாத வலையால் மூடுதல். ஆளற்ற காணிகளிலுள்ள பாழுங்கிணறுகளைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல். குடம்பிகளை உண்ணும் சிறுமீன்களை விடுவதற்கும் அவருடைய ஆலோசனையைப் பெறுதல் நன்று. பயிருக்கு அடிக்கும் பூச்சிகொல்லியைக் கிணற்றில் ஊற்றுதல் பெரும்பிழை. குடாநாட்டு நிலத்தடி நீர் ஒரே கற்படையிற் கலந்திருப்பது.

6. நீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுக்கைவாட்டிற் கிடக்கும் குடம்பிகள் அனோபிலிஸ் இனத்தன. தலைகீழாகத் தொங்குவன வேறினத்தன. முன்னவற்றைக் கண்டால் ஒரு போத்தலில் எடுத்து மலேரியாத் தடை இயக்க அலுவலகத்தில் ஒப்படைத்தல்.

மலேரியாவுக்குரிய பரிசோதனையும் மருந்தும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே கிடைக்கும். கொடுத்த குளிசைகளை எண்ணி முடிப்பது மட்டுமே நோயாளியின் கடமை.